அப்பா வராத கல்யாணம்: மாக்சிமாவும் நெதர்லாந்தும், ஒரு நிகழ்வு ஆய்வு

2002 பிப்ரவரி 2. ஆம்ஸ்டர்டாம் நகரின் நடுவே இருக்கும் நியூவே கெர்க் தேவாலயம். நெதர்லாந்தின் பட்டத்து இளவரசர் வில்லெம்-அலெக்சாண்டரும் அர்ஜென்டினாவில் பிறந்த மாக்சிமா சொரெகியெட்டாவும் மணக்கோலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். காரெல் க்ராயென்ஹோஃப் என்ற டச்சு இசைக் கலைஞர் மடியில் பாண்டோனியனை வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்குகிறார். பார்வைக்கு ஆர்மோனியப் பெட்டிக்குச் சொந்தம் போல இருக்கும், இரு கையாலும் இழுத்துச் சுருக்கி வாசிக்கிற வாத்தியம் அது. டாங்கோ இசையின் மூச்சே அதுதான். சில நொடிகளில் மணப்பெண்ணின் கண் நிறைந்துவிடுகிறது. கன்னத்தைத் துடைத்துக்கொள்கிறார், மறுபடி வழிகிறது. தொலைக்காட்சியில் இதைப் பார்த்த டச்சுக்காரர்கள் இன்றுவரை அந்தக் கல்யாணத்தில் நினைவு வைத்திருப்பது மணப்பெண்ணின் உடையைவிட இந்தக் கண்ணீரைத்தான்.

அன்று வாசித்தது 'அதியோஸ் நோனினோ'. அஸ்தோர் பியாசோலா 1959இல் தன் அப்பா இறந்த துக்கத்தில் எழுதியது. நோனினோ என்பது அந்த அப்பாவின் செல்லப் பெயர். 'போய்வாருங்கள் நோனினோ' என்று சொல்லலாம்.

மாக்சிமாவின் அப்பா அன்று உயிரோடுதான் இருந்தார். ஆனால் மகளின் கல்யாணத்துக்கு வரவில்லை, வரக்கூடாது என்று முடிவாகியிருந்தது. அவர் வராததால் அம்மாவும் வரவில்லை. தாரை வார்த்துக் கொடுக்க அப்பா இல்லாத கல்யாணம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனாலேயே இந்த விஷயத்தை வெறும் அரண்மனைக் கதையாக என்னால் படிக்க முடிந்ததில்லை. ஒரு பெண்ணை அவள் அப்பாவின் பழைய காலத்தோடு சேர்த்து எடைபோடலாமா? போடாமல் இருந்தால், அந்தக் காலத்தில் பிள்ளையை இழந்தவர்களுக்கு ஒரு நாடு என்ன பதில் சொல்லும்? இந்த இரண்டு கேள்விக்கும் நெதர்லாந்து 2001இல் ஒரே நேரத்தில் பதில் தேட வேண்டியிருந்தது. எப்படித் தேடியது என்பதுதான் இந்த ஆய்வு.

பிறந்த வீடு

மாக்சிமா 1971 மே 17 அன்று புவனஸ் அயர்ஸில் பிறந்தார். அப்பா ஹோர்ஹே சொரெகியெட்டா. அவருக்கு முதல் மணத்தில் மூன்று மகள்கள். இரண்டாவது மணத்தில் மூத்தவர் மாக்சிமா, அவருக்குப் பின் இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. அரச குடும்பம் இல்லை, ஆனால் வசதியான குடும்பம். ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்த்துச் சொல்லித்தரும் நார்த்லேண்ட்ஸ் பள்ளியில் படித்தார். 1995இல் அர்ஜென்டினக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பட்டம். அப்புறம் நியூயார்க்கில் வங்கி வேலை, அதில் ஓரிரு நிறுவனங்கள் மாறினார்.

1999 ஏப்ரலில் ஸ்பெயினின் செவில்யா நகரத் திருவிழாவில் வில்லெம்-அலெக்சாண்டரைச் சந்தித்தார். அவர் தன்னை வெறும் அலெக்சாண்டர் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டாராம். பிறகு இளவரசர் என்று சொன்னபோது, ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று மாக்சிமா நினைத்தாராம். இந்தப் பகுதி எல்லாப் பத்திரிகையிலும் வந்ததுதான், நாம் கடந்து போகலாம். 2000இல் வங்கியின் பிரஸ்ஸல்ஸ் அலுவலகத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தார். பெல்ஜியத்தில் உட்கார்ந்து டச்சு மொழி படித்தார். அதற்குள் பத்திரிகைகள் அவருடைய அப்பாவின் பெயரைத் தோண்ட ஆரம்பித்திருந்தன.

அப்பா யார்?

1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தலைமை தாங்கியவர் தளபதி ஹோர்ஹே ரஃபாயெல் விதேலா. அடுத்த ஏழு ஆண்டுகளில் அந்த ஆட்சி தன் சொந்த மக்களையே வேட்டையாடியது. மாணவர்கள், தொழிற்சங்கத்தினர், பத்திரிகையாளர்கள், கர்ப்பிணிப் பெண்கள் எனப் பலரை இரவில் வீடு புகுந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ரகசிய முகாம்களில் வதைத்தார்கள். மயக்க ஊசி போட்டு விமானத்திலிருந்து கடலிலும் ஆற்று முகத்துவாரத்திலும் தள்ளினார்கள். முகாமில் பிறந்த குழந்தைகளை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். மக்களாட்சி திரும்பிய பிறகு அமைந்த விசாரணைக் குழு 1984இல் கிட்டத்தட்ட 9,000 பேரைக் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்று பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000.

இந்த ஆட்சியில்தான் ஹோர்ஹே சொரெகியெட்டா பதவியில் இருந்தார். முதலில் வேளாண் துறையில் துணைச் செயலர், 1979 முதல் 1981 வரை அந்தத் துறையின் செயலர். அங்கே செயலர் என்பது நம் ஊர் ஐஏஎஸ் செயலரைப் போன்ற நிரந்தர அதிகாரியின் வேலை இல்லை, அரசியல் நியமனம். ஏறக்குறைய அமைச்சருக்குச் சமம். பெரும் பண்ணையார்களின் சங்கங்களோடு நெருக்கமாக இருந்தவர், அந்த வழியாக வந்தவர். துப்பாக்கி பிடிக்கவில்லை, சீருடை போடவில்லை. கோதுமை, மாட்டிறைச்சி, ஏற்றுமதி, இவைதான் அவருடைய மேசைக்கு வந்த கோப்புகள். தனக்கு அப்போது நடந்த கொடுமைகள் தெரியாது என்றே சொல்லிவந்தார்.

ராணுவம் ஆட்சிக்கு வந்த அன்று மாக்சிமாவுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. அப்பா பதவியை விட்டபோது பத்து நிறையவில்லை. இந்த இரண்டு வயதையும் மறந்துவிட்டு யாரும் இந்த விஷயத்தைப் பேசக்கூடாது என்பது என் எண்ணம். 2001இல் பேசியவர்களில் சிலர் மறந்துதான் போனார்கள்.

நெதர்லாந்துக்கு ஏன் வலித்தது?

அர்ஜென்டினா எங்கோ இருக்கிறது, டச்சுக்காரர்களுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். ஆனால் அவர்களுக்கு அது தூரத்து விஷயமாக இருக்கவில்லை.

1978 உலகக் கோப்பைக் கால்பந்து விதேலா ஆட்சியில் அர்ஜென்டினாவில் நடந்தது. போகக்கூடாது என்று நெதர்லாந்தில் பெரிய விவாதம் எழுந்தது. கடைசியில் அணி போனது, இறுதிப் போட்டிவரை வந்து அர்ஜென்டினாவிடம் 3-1 என்று தோற்றது. அந்தப் போட்டி நடந்த மைதானத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கடற்படைப் பயிற்சிப் பள்ளி இருந்தது. வதை முகாம்களில் மிகக் கொடியது அது.

அதே ஜூன் மாதம் யான் ஃபான் டெர் புட்டன் என்ற டச்சு நிருபர் புவனஸ் அயர்ஸின் மே சதுக்கத்துக்கு ஒலிவாங்கியோடு போனார். அங்கே ஒவ்வொரு வியாழக்கிழமையும் தலையில் வெள்ளைத் துணி கட்டிய அம்மாக்கள் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் சூழ்ந்துகொண்டு அழுகையும் கோபமுமாக, நீங்கள்தான் எங்களுக்கு மிஞ்சியிருக்கும் கடைசி நம்பிக்கை என்று சொன்னார்கள். கால்பந்து பார்க்க உட்கார்ந்த ஐரோப்பிய வீடுகளுக்கு அந்த முகங்கள் போய்ச் சேர்ந்தன. பிறகு நெதர்லாந்தில் பெண்கள் சேர்ந்து அந்த அம்மாக்களுக்கு ஆதரவுக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். முன்னாள் பிரதமர் யோப் டென் அய்லின் மனைவி லீஸ்பெத் அதை முன்னின்று நடத்தினார். வீட்டுக்கு வீடு திரட்டிய பணத்தில் அம்மாக்களின் சங்கத்துக்குச் சொந்தமாக ஓர் இடம் வாங்க உதவினார்கள்.

ஆக, அந்த வெள்ளைத் துணியை டச்சு மக்கள் இருபது வருடத்துக்கும் மேலாக அறிந்திருந்தார்கள். இப்போது அதே விதேலாவின் ஆட்சியில் பதவி வகித்தவர் தங்கள் ராஜகுமாரனுக்கு மாமனாராக வரப்போகிறார் என்றால் நாடு கொதிப்பது இயல்புதானே.

ஏற்கெனவே ஒருமுறை நடந்தது

டச்சு அரச குடும்பத்துக்கு வெளிநாட்டு மணமக்கள் புதிதல்ல. 1879 முதல் நான்கு தலைமுறையாக அரியணைக்குரியவர்களை மணந்து வந்த மருமகளும் மருமகன்களும் எல்லோரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள்தான். அதில் கடைசியாக வந்தவர் கிளவுஸ் ஃபொன் ஆம்ஸ்பெர்க், வில்லெம்-அலெக்சாண்டரின் அப்பா. அவரும், அப்போது அரியணை வாரிசாக இருந்த பெயாட்ரிக்ஸும் 1966 மார்ச் 10 அன்று ஆம்ஸ்டர்டாமில் மணந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து இருபத்தோரு வருடம்கூட ஆகவில்லை. கிளவுஸ் சிறுவனாக ஹிட்லர் இளைஞர் படையிலும் போரின் கடைசி மாதங்களில் ஜெர்மன் ராணுவத்திலும் இருந்தவர். ஊர்வலத்தில் புகைக் குண்டு வெடித்தது. 'கிளவுஸ், வெளியே போ' என்று கத்தினார்கள். இன்னொரு முழக்கமும் இருந்தது: 'என் சைக்கிளைத் திருப்பிக் கொடு!' ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மன் படையினர் டச்சு மக்களின் சைக்கிள்களைப் பறித்துக்கொண்டு போனதை வைத்து எழுந்த முழக்கம். சைக்கிள் இல்லாமல் ஒரு நாள் ஓடாத ஊரில் அந்த ஒரு வரிக்குள் ஐந்து வருட அவமானமும் இருந்தது.

அப்போதும் முதலில் ஒரு வரலாற்றாசிரியரைத்தான் கூப்பிட்டார்கள். போர்க்கால ஆவணங்களில் நாட்டின் முதன்மையான நிபுணரான லூ டி யோங் கிளவுஸின் கடந்த காலத்தைத் துருவிப் பார்த்து, குற்றம் ஏதும் இல்லை என்று எழுதினார். பிறகு நாடாளுமன்றம் சம்மதித்தது. கூச்சமும் மனச்சோர்வும் கொண்ட அந்த மனிதரை டச்சு மக்கள் பின்னாளில் அவ்வளவு நேசித்தார்கள். மகனின் கல்யாணத்தை உடல்நலம் குன்றிய நிலையில் பார்த்தார், அதே வருடம் அக்டோபர் 6 அன்று இறந்தார். மாக்சிமா வந்த நேரத்தில் அந்த வீட்டில், வேண்டாத விருந்தாளி என்று ஒரு நாடே கத்துவதைத் தன் காதால் கேட்ட ஒருவர் இருந்தார். மாக்சிமாவுக்கு அது எவ்வளவு பெரிய பலமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

டச்சு அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு தெளிவானது. அரசுரிமை வரிசையில் இருப்பவர் நாடாளுமன்றச் சட்டத்தின் ஒப்புதல் இல்லாமல் மணந்தால் அந்த உரிமையை இழப்பார். அரசரே அப்படி மணந்தால் முடிதுறந்தவராகக் கருதப்படுவார். ஒப்புதலை மேலவையும் கீழவையும் ஒன்றாகக் கூடித் தர வேண்டும், மொத்தம் 225 உறுப்பினர்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1964இல் பெயாட்ரிக்ஸின் தங்கை இரேனா ஒப்புதல் கேட்காமலே ஸ்பெயின் அரச உரிமை கோரிய கிளையைச் சேர்ந்தவரை மணந்து உரிமையை இழந்தார். 2004இல் வில்லெம்-அலெக்சாண்டரின் தம்பி ஃப்ரிசோவுக்கும் அதே நிலை வந்தது. அவர் மணக்க இருந்த மாபெல் தன் பழைய நட்பு ஒன்றைப் பற்றி முழு உண்மையைச் சொல்லவில்லை என்று பிரதமர் ஒப்புதல் மசோதாவையே கொண்டுவரவில்லை. ஆக 2001இல் பட்டத்து இளவரசரின் முன்னால் இருந்த ஆபத்து நிஜமானது. நாடாளுமன்றம் மறுத்திருந்தால் ஒன்று மாக்சிமா, இல்லாவிட்டால் அரியணை.

விம் கோக் செய்தது

பிரதமர் விம் கோக் தொழிலாளர் கட்சிக்காரர், தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். அர்ஜென்டினாவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களில் தொழிற்சங்கத்தினர் எத்தனை பேர் என்று அறிந்த தலைமுறை. அவர் இரண்டு வேலை செய்தார், இரண்டும் அவசரப்படாமல்.

முதலாவது, லத்தீன் அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் மிகீல் பவுட் என்பவரிடம் அப்பாவின் பதவிக் காலத்தை ஆராயச் சொன்னார். பவுட் கண்டு சொன்னதன் சாரம் இது: ஹோர்ஹே சொரெகியெட்டா அடக்குமுறையில் நேரடியாக ஈடுபட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தவருக்கு நடந்தது எதுவுமே தெரியாது என்பதை நம்ப முடியாது.

இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் இந்த விஷயம் முழுவதும் நிற்கிறது. முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அப்பாவை அழைக்கலாம். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் சம்பந்தமே கூடாது என்று சொல்லத் தோன்றும். பவுட் இரண்டையும் சேர்த்து எழுதியதில் ஒரு நேர்மை இருக்கிறது. சர்வாதிகாரங்கள் சித்திரவதை செய்பவர்களை மட்டும் வைத்து நடப்பதில்லை. காலையில் அலுவலகம் போய், கோதுமை விலை பார்த்து, கையெழுத்துப் போட்டு, மாலையில் பிள்ளைகளோடு சாப்பிட உட்காரும் ஆயிரம் கண்ணியமான மனிதர்கள் அதற்கு வேண்டும். அந்த ஆயிரத்தில் ஒருவரைப் பற்றித்தான் அந்த அறிக்கை.

இரண்டாவது, முன்னாள் வெளியுறவு அமைச்சர் மாக்ஸ் ஃபான் டெர் ஸ்டூலை அப்பாவிடம் பேச அனுப்பினார். தேர்ந்தெடுத்த ஆளைக் கவனிக்க வேண்டும். 1960களின் இறுதியில் கிரேக்க ராணுவ ஆட்சியின் சித்திரவதைகளை ஐரோப்பிய அவைக்காக விசாரித்து எழுதியவர், அதற்காக அந்த நாட்டுக்குள் நுழையத் தடை வாங்கியவர். அவர் ரகசியமாகப் பேசினார். மகளின் நன்மைக்காகக் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்பதை அப்பா ஏற்றுக்கொண்டார்.

இதற்கு நடுவே இளவரசர் ஒரு தவறு செய்தார். 2001 மார்ச்சில் நியூயார்க்கில் நிருபர்களிடம் மாமனாருக்காகப் பேசப்போய், அர்ஜென்டினப் பத்திரிகை ஒன்றில் வந்த கடிதத்தைக் காட்டி, நடந்ததை வேறு விதமாகவும் சொல்கிறார்கள் என்றார். அந்தக் கடிதத்தை எழுதியவர் விதேலாவே. ஆயுள் தண்டனை பெற்ற சர்வாதிகாரியின் எழுத்தை வருங்கால அரசர் சாட்சிக்கு அழைத்துவிட்டார். நாடு அதிர்ந்தது.

மார்ச் 30 அன்று ஹேக் நகரில் நிச்சயதார்த்த அறிவிப்பு. நிருபர்கள் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டார்கள். இளவரசர் திணறினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாக்சிமா, தான் புதிதாகப் படித்த டச்சு மொழியிலேயே, 'அவர் கொஞ்சம் அசட்டுத்தனம் பண்ணிவிட்டார்' என்றார். ஐந்தே சொல் அது டச்சில். அறையே சிரித்துவிட்டது. அதுவரை இறுகிக் கிடந்த ஒன்று அந்த நொடியில் தளர்ந்தது என்று அன்று பார்த்தவர்கள் சொல்வார்கள். சரி, அழகான பதில்தான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அன்று சொன்ன இன்னொன்று. விதேலாவின் ஆட்சியைத் தான் வெறுப்பதாகவும், அப்பா நல்ல நோக்கத்தோடு வேளாண்மைக்காக உழைத்தவர் என்று நம்புவதாகவும், ஆனாலும் ஒரு கெட்ட ஆட்சிக்காக அதைச் செய்ததற்கு வருந்துவதாகவும் சொன்னார். அப்பாவைக் கைவிடவும் இல்லை, அவர் பக்கத்தை நியாயப்படுத்தவும் இல்லை. பவுட்டின் இரண்டு வாக்கியங்களையும் மகள் தன் வாயால் ஒன்றாகச் சொன்னது போலத்தான் இருந்தது.

மே 17 அன்று, தன் முப்பதாவது பிறந்தநாளில், டச்சுக் குடியுரிமை பெற்றார். ஜூலை 3 அன்று இரு அவைகளும் கூடி ஒப்புதல் தந்தன.

இந்த முடிவு நியாயமா?

எதிர்த்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஒரு பக்கம், குற்றம் நிரூபிக்கப்படாத முதியவரைத் தன் மகளின் கல்யாணத்துக்கே வரக்கூடாது என்பது கொடுமை, இது விசாரணை இல்லாத தண்டனை என்றார்கள். மறுபக்கம், அப்பாவை மட்டும் மறைத்துவிட்டு விழா கொண்டாடுவது கண்துடைப்பு, அந்தச் சம்பந்தமே கூடாது என்றார்கள்.

முதல் வாதத்தில் மனித ஈரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அரியணை வாரிசின் கல்யாணம் வீட்டு விசேஷம் இல்லை. நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து, நகரின் மேயர் யோப் கோஹன் பதிவு செய்து, உலகமே நேரலையில் பார்க்கிற அரசு நிகழ்ச்சி. அங்கே முன்வரிசையில் யார் உட்கார்கிறார் என்பது அந்த நாடு யாரை மதிக்கிறது என்று சொல்வதற்குச் சமம். புவனஸ் அயர்ஸில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும், பிள்ளையின் எலும்புகூடக் கிடைக்காத ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். ஒருகாலத்தில் அவளுக்குக் காசு திரட்டிய நாடு, அவள் பிள்ளையைத் தூக்கிப் போன ஆட்சியின் பிரமுகருக்கு நாற்காலி போடுவதை அவள் பார்க்க வேண்டுமா? கூடாது என்று நெதர்லாந்து முடிவெடுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்து வயதுக் குழந்தை அப்பாவின் வேலையைத் தேர்ந்தெடுப்பதில்லை. பிள்ளைகளைப் பெற்றோருக்காகவும் பெற்றோரைப் பிள்ளைகளுக்காகவும் தண்டித்ததுதான் அந்த ராணுவ ஆட்சி செய்த வேலை.

ஆனாலும் அந்த முடிவின் விலையைக் கொடுத்தது ஒரு பெண். டாங்கோ இசை ஒலித்த அந்தச் சில நிமிடங்களில் உலகம் பார்த்தது அதைத்தான்.

புகுந்த வீட்டில்

கல்யாணத்துக்குப் பிறகு மாக்சிமா தேர்ந்தெடுத்த வேலைகளைப் பார்த்தால் அவற்றில் தன் அனுபவம் கலந்திருப்பது தெரிகிறது. 2003 முதல் 2005 வரை, புலம்பெயர்ந்த சமூகப் பெண்கள் டச்சு மொழி கற்று வேலைக்கும் பொதுவாழ்வுக்கும் வர வழிதேடிய அரசுக் குழுவில் உறுப்பினராக இருந்தார். மொராக்கோவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்த பெண்களோடு உட்கார்ந்து, டச்சு உச்சரிப்பில் நாக்கு மடங்காத கஷ்டத்தைத் தானும் பட்டவராகப் பேச முடிந்தது.

அதன் தொடர்ச்சிதான் 2007 செப்டம்பர் 24 உரை. டச்சு அடையாளம் குறித்த ஓர் அறிக்கை வெளியீட்டில் பேசியவர், ஏழு வருடமாக அந்த அடையாளத்தைத் தேடிவருவதாகவும், அன்பான பல வழிகாட்டிகள் உதவியதாகவும், ஆனால் அந்த ஒரே அடையாளத்தைத் தான் கண்டுபிடிக்கவில்லை என்றும் சொன்னார். நெதர்லாந்து என்றால் உள்ளே எல்லோரும் பார்க்கும்படி திரையில்லாத பெரிய ஜன்னல்கள், கூடவே தன் வீட்டு அந்தரங்கத்தை விடாமல் காப்பதும்தான் என்றார். காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட், ஆனால் அளவில்லாத விருந்தோம்பல் என்றார். எந்த டச்சு வீட்டுக்குப் போனவரும் அந்த ஒற்றை பிஸ்கட்டை அறிவார்கள். டப்பா திறக்கும், ஒன்றை எடுத்துக்கொள்வீர்கள், டப்பா மூடிவிடும். வெளியிலிருந்து வந்து, பல வருடம் கவனித்து, பிரியத்தோடு பார்த்த கண்ணுக்குத்தான் இப்படிப்பட்ட விவரம் படும். அப்புறம், அச்சு வார்த்த டச்சுக்காரர் என்று ஒருவர் இல்லை, அதேபோல அர்ஜென்டினர் என்றும் ஒருவர் இல்லை என்றும் சொன்னார்.

புயல் கிளம்பியது. நேற்று வந்தவள் நாம் யார் என்று சொல்வதா என்பதுதான் கோபத்தின் அடி. குடியேற்றத்தை எதிர்க்கும் அரசியல்வாதிகள் கடுமையாகச் சாடினார்கள். என்னைக் கேட்டால், அந்த உரையில் அவர் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஒரு வீட்டின் வாசம் அதில் பிறந்தவர்களுக்குத் தெரியாது, மருமகளுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பக்கம் அவருடைய பொருளாதாரப் படிப்பு வீணாகவில்லை. 2009 முதல் 2024 வரை ஐநா பொதுச்செயலாளரின் சிறப்புத் தூதராக, வங்கிச் சேவை எட்டாத மக்களுக்குக் கணக்கும் கடனும் காப்பீடும் கிடைக்கப் பாடுபடும் வேலை. உலக வங்கிக் கணக்கெடுப்பின்படி 2011இல் உலகின் வயதுவந்தோரில் 51 சதவீதம் பேருக்குத்தான் கணக்கு இருந்தது, 2021இல் அது 76 சதவீதம். இதற்குக் காரணம் கைபேசியும் அரசுகளின் திட்டங்களும்தான், ஒரு ராணி அல்ல. ஆனால் மத்திய வங்கி ஆளுநர்களோடு வட்டி விகிதமும் கட்டண அமைப்பும் பேசத் தெரிந்த அரச குடும்பத்தவர் உலகில் அதிகம் இல்லை.

தவறுகளும் உண்டு. வறுமை மிக்க மொசாம்பிக்கின் கடற்கரையில் விடுமுறை வீடு கட்டத் தொடங்கி, 2009இல் எதிர்ப்பு வந்ததும் கைவிட வேண்டியதாயிற்று. 2020 அக்டோபரில், கொரோனாவால் மக்களை வீட்டில் இருக்கச் சொன்ன நேரத்தில், குடும்பமாகக் கிரீஸுக்கு விடுமுறை போனார்கள். எதிர்ப்பு எழுந்ததும் உடனே திரும்பி வந்து, அரசரும் அவரும் காணொளியில் மன்னிப்புக் கேட்டார்கள். முதல் தவறுக்குப் பிறகு இரண்டாவது நடந்திருக்கவே கூடாது என்பது என் ஆதங்கம்.

மீண்டும் அப்பா

2003 டிசம்பரில் மூத்த மகள் அமாலியா பிறந்தாள். 2004 ஜூனில் ஹேகில் நடந்த ஞானஸ்நானத்துக்கு ஹோர்ஹே சொரெகியெட்டா வந்தார். பேத்தியின் விசேஷத்தில் தாத்தாவாக உட்காரலாம், அரசு நிகழ்ச்சியில் மட்டும் கூடாது என்ற கோடு அப்படித்தான் வரையப்பட்டது.

2013 ஏப்ரல் 30 அன்று பெயாட்ரிக்ஸ் முடிதுறந்து வில்லெம்-அலெக்சாண்டர் அரசரானார். 1890க்குப் பிறகு அந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண் அரசர். மாக்சிமா ராணி. பதவியேற்பு நடந்தது அதே நியூவே கெர்க் தேவாலயத்தில், அப்பா இந்த முறையும் இல்லை. ஆனால் 2001 போல நாட்டில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. இது அரசியலமைப்பு நிகழ்ச்சி, அப்பா அங்கே இருப்பது பொருத்தமில்லை என்பதை அதற்கு முன் வந்த தொலைக்காட்சிப் பேட்டியில் மாக்சிமாவே சொல்லிவிட்டார்.

2017 ஆகஸ்ட் 8 அன்று ஹோர்ஹே சொரெகியெட்டா புவனஸ் அயர்ஸில் இறந்தார், வயது 89. அவர்மேல் புகார்கள் வந்தன, எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை. அடுத்த வருடம் ஜூனில் மாக்சிமாவின் தங்கை இனேஸும் இறந்தார். கொஞ்ச நாள் கழித்துப் பொது நிகழ்ச்சிக்குத் திரும்பிய ராணி, நிருபர்களின் முன்னால் குரல் உடைய மக்களுக்கு நன்றி சொன்னார்.

நியூவே கெர்க்கின் வாசலுக்கு எதிரே டாம் சதுக்கம், அதில் போரில் இறந்தவர்களுக்கான வெள்ளைக் கல்தூண். ஒவ்வொரு வருடமும் மே 4 மாலை அரசரும் ராணியும் அங்கே மலர்வளையம் வைப்பார்கள். எட்டு மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும். 2020இல் கொரோனாவால் சதுக்கத்தில் கூட்டம் இல்லை. அந்த வெற்றிடத்தின் முன் நின்று வில்லெம்-அலெக்சாண்டர் பேசினார். நாஜிகள் யூதர்களைக் கொண்டுபோன காலத்தில் லண்டனில் இருந்த தன் கொள்ளுப்பாட்டி வில்ஹெல்மினா ராணியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். மக்கள் தாங்கள் கைவிடப்பட்டதாக உணர்ந்தார்கள், போதிய துணை கிடைக்கவில்லை, சொற்களால்கூட இல்லை, அது என்னை விடுவதாக இல்லை என்றார். தன் குடும்பத்து மூத்தவர் ஒருவரைப் பற்றிப் பொதுவெளியில் ஒரு டச்சு அரசர் அப்படிப் பேசுவது பெரிய விஷயம். அவர் பேசி முடிக்கும்வரை மாக்சிமா அந்தக் காலிச் சதுக்கத்தில் கணவரோடு நின்றிருந்தார்.